முழம்

மே 4

கத்திரி இன்று பிறந்தது. வாசல் தெளித்த ஈரம், கோலம் போட்டு முடிப்பதற்குள் காய்ந்துவிடுகிறது. கல்லாவி பஸ் நிறுத்தத்தில் பூ விற்கும் அம்மா ஒன்பது மணிக்கெல்லாம் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மற்றப் பூக்காரர்கள் பதினொன்று வரை இருப்பார்கள். மல்லி வாடிவிடும் என்று அவர் சொல்வது பாதி உண்மை. மீதி உண்மை அவருடைய இடது கையில் இருக்கிறது.

மணிக்கட்டிலிருந்து முழங்கை தாண்டி, மெழுகு உருகி உறைந்தது போன்ற தோல். நான்கு விரல்களும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கி, அப்படியே நின்றுவிட்டன. பல வருடத்துக்கு முந்தைய மண்ணெண்ணெய் அடுப்பு. தொடையிலிருந்து சீவி எடுத்து ஒட்டிய தோலில் வியர்வைச் சுரப்பி இருக்காது. வெயில் ஏறினால் உடம்பெல்லாம் நனையும். அந்தக் கை மட்டும் வியர்க்க வழியில்லாமல் காயும்.

முப்பது வருடம் அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். யார் கையை நீட்டினாலும் கண் தானாகக் கோணம் எடுக்கும். இன்று அவர் பூ அளப்பதைக் கவனித்தேன். நடுவிரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஒரு முழம். அவருக்கு விரல் நீளாது. அதனால் விரல் முட்டியிலிருந்து அளந்து, அதன்மேல் வலது கையால் நான்கு விரற்கடை கூட்டி, அப்புறம்தான் நூலை அறுக்கிறார்.

மற்றவர்களுக்கு முழம் கையோடு பிறந்தது. இவர் தன் முழத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்.

மே 6

தீக்காய வார்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “எத்தனை பர்சென்ட்?”

எடின்பரோ அறுவை மருத்துவர் வாலஸ் 1951இல் வெளியிட்ட ஒன்பதின் கணக்கைத்தான் இன்றும் வாய்ப்பாடாகச் சொல்கிறோம். தலையும் கழுத்தும் 9. ஒரு கைக்கு 9. ஒரு காலுக்கு 18. முன்பக்கம் 18, முதுகுப்பக்கம் 18, மிச்சம் 1. குழந்தைக்குத் தலை பெரிது, கால் சிறிது என்பதால் கணக்கை மாற்ற வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய காயத்துக்கு இன்னும் எளிய வழி உண்டு. விரல்களோடு சேர்த்த உள்ளங்கைப் பரப்பு, உடம்பில் சுமார் 1 சதவீதம்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் தங்கள் கையைக் காற்றில் வைத்து அளப்பார்கள். “உன் கை இல்லப்பா, அவங்க கை” என்று ஒவ்வொரு வருடமும் சொல்லியிருக்கிறேன். எண்சாண் உடம்பு என்கிறோமே, அந்த எட்டுச் சாணும் அவரவர் கையால்தான்.

முதல் நாள் எத்தனை பாட்டில் சலைன் ஏற்ற வேண்டும் என்பதை இந்தச் சதவீதம் தீர்மானிக்கும். ஆள் பிழைப்பாரா என்பதையும் ஓரளவு சொல்லும். பிழைத்து வீட்டுக்குப் போன பிறகு அது எதையும் சொல்வதில்லை. முதுகும் தொடையுமாக 30 சதவீதம் வெந்தவர் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் போவதைப் பார்த்திருக்கிறேன். முகத்திலும் வலது கையிலுமாக 6 சதவீதம் வெந்தவர் இரண்டு வருடம் வாசற்படி தாண்டாததையும் பார்த்திருக்கிறேன்.

மே 9

மாங்காய் ஏற்றிய லாரிகள் போகின்றன. பெங்களூரா மாங்காய் கூழாலைகளுக்குப் போகும் காலம். லாரிக்குப் பின்னாலேயே ஓசூர்ப் பக்கக் கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகள், தோளில் பையோடு. இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வேலை என்றால் வடக்கே போவதுதான். ஓசூர் தாண்டினால் கர்நாடகம். எல்லையை ஒட்டியே அத்திப்பள்ளி.

2023 அக்டோபர் 7. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை ஒன்றில் அத்திப்பள்ளிப் பட்டாசுக் கடையில் தீப்பிடித்தது. 14 பேர் இறந்தார்கள். பிறகு மருத்துவமனைகளில் மேலும் சிலர். பண்டிகைக் காலக் கூலி வேலைக்குப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள். அரூர்ப் பக்கம் அம்மாபேட்டை என்கிற ஒரே ஊரிலிருந்து பலர், அதில் படித்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. எங்களுக்கு அம்மாபேட்டை தூரத்து ஊர் இல்லை. அதே வருடம் ஜூலை 29இல் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் போனார்கள்.

இறந்தவர்களின் எண்ணிக்கையைச் செய்தித்தாள் நாள்தோறும் திருத்தும். ‘காயமடைந்தோர்’ எண்ணிக்கை ஒரே ஒரு முறை வரும். 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ. 94 குழந்தைகள் என்பது தமிழ்நாட்டுக்கே மனப்பாடம். காயத்தோடு தப்பியவர்கள் 18 பேர் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? அந்தப் பிள்ளைகள் இப்போது இளமையின் நடுவில் இருப்பார்கள். வேலை தேடியிருப்பார்கள், பெண் பார்த்திருப்பார்கள், பெண் பார்க்க வந்திருப்பார்கள். அந்த 18க்குள் எத்தனை எண்கள் இருந்திருக்கும் என்று இன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

மே 12

அலமாரியில் பழைய தாள்கள் கிடைத்தன. தீக்காயத்திலிருந்து மீண்டவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்வித்தாள். ஒரு காலத்தில் நானே தமிழில் எழுதி வைத்தது, பென்சில் அடித்தல் திருத்தல்களோடு.

அது 1982இல் அமெரிக்காவின் பால்டிமோரில் 114 கேள்விகளோடு பிறந்தது. பிறகு 80 ஆகி, 31 ஆகி, 2001இல் சுவீடனில் 40 கேள்விகளாக நின்றது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். 4 என்றால் சிரமமே இல்லை. 0 என்றால் முடியவே இல்லை. ஒன்பது பிரிவுகள்: எளிய வேலைகள், கையின் திறன், வெயில் தாங்குவது, சிகிச்சையைத் தொடர்வது, உடம்பின் தோற்றம், மனநிலை, உறவுகள், தாம்பத்தியம், தொழில்.

இதைச் செய்தவர்கள் பெரிய மனது உள்ளவர்கள் என்று அப்போதே நினைத்தேன். தழும்பை அளக்க எங்களிடம் வேறு தாள் இருந்தது. தழும்பின் நிறம், தடிப்பு, இளக்கம் எல்லாவற்றுக்கும் அதில் மதிப்பெண் உண்டு. அதை நிரப்புவதற்கு நோயாளி வாயே திறக்க வேண்டாம். இந்த 40 கேள்விகளை அவர் வாய் திறக்காமல் நிரப்ப முடியாது.

நாளை பூக்கார அம்மாவிடம் கேட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது. ஆய்வு எதற்கும் இல்லை. ஓய்வு பெற்றவனின் அரிப்பு.

மே 13

“படிச்சுப் பாருங்கண்ணா, தெரிஞ்சதச் சொல்றேன்” என்றார்.

குளிப்பது, துணி உடுத்துவது, உட்கார்ந்து எழுவது: எல்லாம் 4. அடுத்தது கை. தட்டையான இடத்திலிருந்து காசு பொறுக்க முடிகிறதா?

“காசு எங்கண்ணா இருக்குது? எல்லாரும் போன்ல போட்டுட்டுப் போறாங்க.” கூடையில் சாய்த்து வைத்த அட்டையைக் காட்டினார்.

பூட்டைத் திறப்பது? “பூட்டறதுக்கு என்னா இருக்குது வூட்டுல?” ஷூ லேஸ் கட்டுவது? சிரித்தார். கரண்டி பிடித்துச் சாப்பிடுவது? இன்னும் சிரித்தார். கையெழுத்து? “சோத்துக்கை நல்லாதானே கீது.”

கையின் திறன் என்ற பிரிவில் அவருக்கு 20க்கு 20 வந்துவிட்டது. எதிரில் அந்த இடது கை மடியில் மடங்கிக் கிடந்தது.

பேனாவை வைத்துவிட்டுச் சும்மா பேசினேன். அப்போதுதான் வந்தது. களி கிண்ட முடியாது. சட்டியை இடுக்கிப் பிடிக்க ஒரு கை, துடுப்பை அழுத்திச் சுழற்ற ஒரு கை வேண்டும். தலை பின்னிக்கொள்ள முடியாது. துவைத்த சேலையைப் பிழிய முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே, பூக் கட்ட முடியாது. கல்யாணத்துக்கு முன்பு இந்தச் சுற்று வட்டாரத்தில் நெருக்கிக் கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லையாம்.

“இப்போ கட்டறது மருமவ. விக்கறது நானு.”

இதற்குத் தாளில் கட்டம் இல்லை.

மே 15

நேற்றிலிருந்து இந்த ஊருக்கென்று ஒரு கேள்வித்தாளை மனதுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சொம்பு வாயில் படாமல் அண்ணாந்து தண்ணீர் குடிக்க முடிகிறதா? கழுத்தில் தழும்பு இழுத்தால் முகவாய் நெஞ்சோடு ஒட்டும். மற்றவர் வீட்டில் தண்ணீர் கேட்கவே கூசும். குத்துக்காலிட்டு உட்கார முடிகிறதா? முட்டிக்குப் பின்னால் இழுத்தால் கழிப்பறையும் போச்சு, களையெடுப்பும் போச்சு. பந்தியில் சப்பணமிட்டு உட்கார முடிகிறதா? களியை உருட்டிக் குழம்பில் தோய்க்க விரல் கூடுகிறதா? புளியம்பழம் உடைக்க, கோலப்பொடி சீராக விழ, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க? அக்குளில் தழும்பு இறுகியவர்கள் மேல்கம்பியை எட்ட முடியாமல் நின்றே தடுமாறுவார்கள். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் அவர்களுடைய வாழ்க்கைத் தரம் அளக்கப்படுகிறது.

தழும்பு ஏன் இழுக்கிறது? ஆறும் காயம் தன்னைத்தானே சுருக்கிக்கொண்டுதான் மூடும். அந்தச் சுருக்கம் தோல் மூடிய பிறகும் நிற்பதில்லை. ஒரு வருடம், ஒன்றரை வருடம், சிலருக்கு அதற்கு மேலும். வலிக்காமல் இருக்கக் கையை எப்படி மடக்கி வைத்துக்கொள்கிறோமோ, அதுவே நிலைத்துப்போகும் வடிவம். அதனால்தான் வலிக்க வலிக்க நீட்டிக் கட்டினோம். இரவில் அச்சு, பகலில் இறுக்கமான அழுத்த உடை. 24 மணி நேரத்தில் குளிக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் போட்டிருக்கச் சொல்வோம். கத்திரி வெயிலில் கழற்றிவிடுகிறார்கள் என்று திட்டியிருக்கிறேன். நான் ஒரு நாள்கூட அதைப் போட்டுப் பார்த்ததில்லை.

மே 17

1965இல் வந்த பார்தெல் அட்டவணை எங்கள் தொழிலின் பெருமை. டொரோதியா பார்தெல் ஒரு பிசியோதெரபிஸ்ட். சாப்பாடு, குளியல், உடை, கழிப்பறை, படியேறுவது என்று 10 செயல்கள். மொத்தம் 100 மதிப்பெண். 100 எடுத்தால் அவருக்கு அன்றாட வேலைக்கு ஒருவர் துணை தேவையில்லை.

100 எடுத்த ஒருவரை மறக்க முடியவில்லை. தொழிற்சாலை ஒன்றில் மின்பொறி முகத்தில் அடித்த இளைஞர். கை, கால் எல்லாம் சரியாகிவிட்டது. டிஸ்சார்ஜ் தாளில் என் கையாலேயே 100 என்று எழுதினேன். ஆறு மாதம் கழித்து அவருடைய அம்மா மட்டும் தைலம் வாங்க வந்தார். “பையன் எப்படிம்மா இருக்கான்?” என்று கேட்டேன். “ராத்திரியில நல்லா நடக்கறான் சார்” என்றார்.

இருட்டிய பிறகுதான் தெருவில் இறங்குகிறானாம். படியேறத் தெரிந்த கால் அது. எந்த நேரத்தில் படி இறங்குகிறது என்று நான் கேட்டிருக்கவில்லை.

மே 19

இன்று மழை வாடை மட்டும். பழைய தாள்களில் தாம்பத்தியம் என்ற பகுதி முழுக்க வெற்றிடமாக இருப்பதைப் பார்த்தேன். கேட்கக் கூசி நானே புரட்டிவிட்ட பக்கங்கள்.

அதைவிடக் கனமானது வேறு. பெண்கள் பகுதியில் கேள்வி கேட்கும்போது கட்டிலருகே எப்போதும் யாராவது நிற்பார்கள். மாமியார், கணவர், நாத்தனார். வீட்டில் அன்பாக நடத்துகிறார்களா என்று தாளைப் பார்த்துப் படிப்பேன். “ஒரு குறையும் இல்ல சார்.” 4 போடுவேன். ‘ஸ்டவ் வெடித்தது’ என்று கேஸ் ஷீட்டில் இருப்பதையும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். அந்த வரிசையான 4களைப் பார்த்தால் இன்று என் கை கனக்கிறது.

சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவை ஒட்டிப் பல வருடமாக வேலை செய்யும் பி.சி.வி.சி. அமைப்பினர் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகத் தொடங்கிய அமைப்பு, தீக்காயப் பெண்களுக்கென்று தனியாக ‘விடியல்’ என்ற மீட்பு மையத்தையும் நடத்தியது. காயம் ஆறியபின் எந்த வீட்டுக்குத் திரும்புகிறாள் என்பதும் சிகிச்சையின் பகுதி என்று எடுத்துக்கொண்டார்கள். ராயப்பேட்டையில் ‘ரைட்டர்ஸ் கஃபே’ திறந்தபோது இப்படி மீண்ட பெண்கள் சிலர் அங்கே ரொட்டியும் கேக்கும் செய்ய வேலைக்கு வந்தார்கள். சூட்டுக்குப் பயந்து அடுப்பங்கரைப் பக்கமே போகாதவர்கள் மறுபடி அடுப்பின் முன்னால் நிற்பது என்றால், அதற்கு 0 முதல் 4 வரை போதுமா?

மே 22

சட்டம் வேறு விதமாக அளக்கும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. முகம் மிகக் கடுமையாகச் சிதைந்தால் 100. முகம் போனால் பிழைப்பு முழுவதும் போகிறது என்று எழுதியவர்களுக்கு ஊரின் கண் எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்கிறது. விரல் இருந்தும் அரைகுறையாக மடங்கிப்போனால் பட்டியலில் வரிசை எண் இல்லை; மருத்துவர்தான் மதிப்பிட வேண்டியிருந்தது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. அமில வீச்சுக்கு ஆளானவர்களைப் பெயர் சொல்லிச் சேர்த்தது நல்ல காரியம். அடுப்பில் வெந்தவருக்கு அப்படித் தனிப் பெயர் இல்லை. மூட்டு எத்தனை டிகிரி நீள்கிறது, எத்தனை மடங்குகிறது என்று கோனியாமீட்டர் வைத்து அளந்து, சதவீதம் போட்டு, 40 தொட்டால்தான் பெரும்பாலான சலுகைகளுக்குக் கதவு திறக்கும்.

“நானும் ஒருக்கா போனேண்ணா. ஒத்தக் கைதானே, நாப்பது வரலன்னு சொல்லிட்டாங்க” என்றார் பூக்கார அம்மா. குரலில் வருத்தம்கூட இல்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோல் சொன்னார்.

மே 25

1990களில் உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்துக்கு ஒரு கேள்வித்தாள் செய்தபோது, உலகெங்கும் ஒரே நேரத்தில் வேலை நடந்த மையங்களில் சென்னையும் ஒன்று. 26 கேள்விகள் கொண்ட அதன் சுருக்க வடிவம் தமிழிலும் உண்டு. அவர்கள் வைத்த விளக்கம் எனக்குப் பிடிக்கும். ஒரு மனிதர் தான் வாழும் பண்பாட்டுக்குள் நின்று, தன் எதிர்பார்ப்பையும் கவலையையும் வைத்துத் தன் நிலையைத் தானே எப்படி எடைபோடுகிறார் என்பதே வாழ்க்கைத் தரம். நோயாளியின் உள்ளங்கையால் நோயாளியை அளப்பது போன்றதுதான் இதுவும்.

ஆனால் அந்த உள்ளங்கையும் மாறும். வார்டில் முதல் மாதம் எதைக் கேட்டாலும் 0 என்றவர்கள், மூன்று வருடம் கழித்து அதே கையோடு 3 சொல்வார்கள். கை மாறியிருக்காது, எது போதும் என்பது மாறியிருக்கும். அதைத் தேறியது என்று எழுதுவதா, விட்டுக்கொடுத்தது என்று எழுதுவதா? வேலையில் இருந்தபோது தேறியது என்று எழுதினேன். இப்போது அவரையே கேட்டுவிட்டு எழுதியிருப்பேன்.

மே 28

கத்திரி இன்றோடு கழிகிறது. இரவு நாலு தூறல். காலையில் மண் மணந்தது.

பூக்கார அம்மாவிடம் மிச்சக் கேள்விகளை முடித்தேன். வெயில் பகுதியில் ஐந்து கேள்விக்கும் 0. அங்கே மட்டும் தயங்காமல் சொன்னார். தோற்றம் என்று வந்தபோது முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டு, “அதெல்லாம் பழகிப்போச்சு, 3 போட்டுக்கோ” என்றார். மூடிய கையைப் பார்த்துக்கொண்டே 3 போட்டேன். அவருடைய வாழ்க்கை, அவருடைய மதிப்பெண்.

முடிந்ததும் கேட்டேன். “ஏம்மா, நாப்பத்தொண்ணாவதா ஒரு கேள்வி நீயே சேக்கறதா இருந்தா என்ன கேப்ப?”

வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். கூடையில் ஈரத்துணியை நீவிவிட்டார். பஸ் ஒன்று வந்து நின்று போனது.

“கல்யாண வூட்டுக்குப் பூ குடுக்கப் போவேண்ணா. திண்ணையிலேயே வாங்கிக்குவாங்க. உள்ள வந்து பொண்ணு தலையில நீயே வெச்சு வுடும்மான்னு எந்த வூட்டுலயாவது சொன்னாங்களான்னு கேளு.”

தாளின் கடைசியில் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் 0, 1, 2, 3, 4 என்று கட்டமும் போட்டேன். சொன்னார்களா என்று அவரிடம் கேட்கவில்லை. நான் இந்த ஊர்க்காரன். எங்கள் வீட்டிலும் இரண்டு கல்யாணம் நடந்திருக்கிறது.